எல்லோரும் இருக்க விரும்பிய இடம்

இன்றைய கல்லூரி மாணவர்களில் ஃபிரெண்ட்ஸ்டரைக் கேள்விப்பட்டவர்கள் அரிதாகத்தான் இருப்பார்கள். 2002-ல் கலிஃபோர்னியாவில் ஜோனதன் ஏப்ரம்ஸ் தொடங்கிய சமூக வலைத்தளம் அது. ஃபேஸ்புக் பிறப்பதற்கு முன்பே, நண்பனின் நண்பனைத் தேடிப் பிடித்துத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் பழக்கத்தை லட்சக்கணக்கானவர்களிடம் ஏற்படுத்தியது. அமெரிக்காவில் மவுசு குறைந்த பிறகும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மலேசியா ஆகிய நாடுகளில் சில ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. 2009-ல் மலேசிய நிறுவனம் ஒன்று அதை வாங்கியது. 2011 ஏப்ரலில் ஓர் அறிவிப்பு வந்தது: மே 31-க்குப் பிறகு பயனர்களின் படங்களும் பதிவுகளும் அழிக்கப்படும், இனி இது விளையாட்டுகளுக்கான தளம். அதற்குள் இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் முந்திக்கொண்டு, பொதுவில் தெரிந்த பக்கங்களைப் பிரதி எடுத்து வைத்தது. ஏறக்குறைய 11.7 கோடிக் கணக்குகள், யாருக்கு யார் நண்பர் என்ற விவரத்தோடு.

அந்தப் பிரதியை ஸூரிக் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கார்சியா, பாவ்லின் மாவ்ரோடியெவ், ஃபிராங்க் ஷ்வைட்சர் மூவரும் எடுத்து ஆராய்ந்தார்கள். 2013-ல் வெளியான தங்கள் கட்டுரைக்கு ஃபிரெண்ட்ஸ்டரின் பிரேதப் பரிசோதனை என்றே பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர்தான். ஆனால் விசித்திரமான பிரேதம். அதில் இருந்த மனிதர்கள் அனேகமாக அனைவரும் உயிரோடு, நலமாக இருக்கிறார்கள். பலர் தங்கள் பழைய நண்பர்களோடு இன்றும் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். கணினிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அப்படியானால் செத்தது எது?

இணையக் குழுமங்கள் ஏன் தேய்கின்றன என்று கேட்டால் எல்லோரிடமும் சட்டென்று ஒரு பதில் இருக்கிறது. சண்டை வந்தது என்பார்கள். மட்டுறுத்துநர் சர்வாதிகாரியாகிவிட்டார் என்பார்கள். வேறு நல்ல இடம் கிடைத்தது, எல்லோரும் போய்விட்டார்கள் என்பார்கள். மூன்றும் நடக்கின்றன. ஆனால் பெருஞ்சண்டைகளைத் தாண்டிப் பல ஆண்டுகள் வாழ்ந்த குழுமங்கள் உண்டு. ஒரு சச்சரவும் இல்லாமல் அடங்கிப்போன குழுமங்களும் உண்டு. சண்டையோ போட்டியோ மட்டும் இந்த வேறுபாட்டை விளக்கிவிடாது.

இணையம் மக்கள் கைக்கு வருவதற்கு முன்பே இந்தப் புதிரின் சாரத்தைப் பிடித்துவிட்டவர் பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங். பின்னாளில், 2005-ல், நோபல் பரிசு பெற்றவர். 1978-ல் வெளியான அவருடைய நூல் ஒன்றில் ஒரு வாராந்திரக் கூட்டம் வருகிறது. ஒரு பொருளில் ஆர்வமுள்ள 25 பேர் கூடிப் பேசலாம் என்று முடிவெடுக்கிறார்கள். முதல் நாள் நல்ல கூட்டம். ஓரிருவருக்கு வேறு வேலை, வர முடியவில்லை. மூன்றாவது, நான்காவது கூட்டத்தில் பாதிப் பேர்தான். இன்னும் சில வாரங்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு அதுவும் இல்லை. கடைசியில் அந்த 25 பேரையும் தனித்தனியே விசாரித்தால் ஒவ்வொருவரும் வருத்தப்படுகிறார்கள்: நல்ல முயற்சி, மற்றவர்கள் ஒழுங்காக வந்திருந்தால் நானும் வந்திருப்பேன்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் ஷெல்லிங் கண்ட உண்மை. ஒவ்வொருவருக்கும் மனத்துக்குள் ஓர் அளவு இருக்கிறது. பத்துப் பேர் வந்தால் போதும் என்பவர் ஒருவர், இருபது பேராவது இருந்தால்தான் வருவேன் என்பவர் இன்னொருவர். இருபது கேட்பவர் முதலில் வராமல் நின்றுவிடுகிறார். அவர் நின்றதால் பத்தொன்பது கேட்பவருக்குக் கூட்டம் போதவில்லை. அவர் நிற்க, பதினெட்டுக்காரர் நிற்கிறார். பத்துப் பேர் போதும் என்று நினைத்த மனிதர் மாறவே இல்லை. ஆனால் அவர் வந்து பார்க்கும்போது எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள். எல்லோரும் விரும்பிய ஒன்று, யாரும் விரும்பாமலே முடிந்துவிடுகிறது. சமூகத்தைப் பற்றி நான் படித்தவற்றில் இதைப் போல என்னை உலுக்கியவை குறைவு.

இணையக் குழுமத்தில் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமாகிறது. அங்கே யாரும் மொத்தத் தலைகளை எண்ணுவதில்லை. லட்சம் பேர் இருக்கும் இடத்தில் எனக்கு முக்கியம் ஐந்தாறு பேர்தான். நான் எழுதினால் பதில் சொல்பவர்கள், நான் பதில் சொல்லக் காத்திருப்பவர்கள். அவர்கள் இருக்கும்வரை நான் இருப்பேன். அவர்களுக்கும் அப்படி ஐந்தாறு பேர். அதில் நானும் ஒருவனாக இருக்கலாம்.

ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் இதை வாசகர்களே சோதித்துப் பார்க்கலாம். பத்துப் புள்ளிகளை வட்டமாக வையுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் தனக்கு இடப்பக்கம் உள்ள இரண்டு புள்ளிகளோடும் வலப்பக்கம் உள்ள இரண்டு புள்ளிகளோடும் கோடு போட்டு இணையுங்கள். இப்போது ஒவ்வொருவருக்கும் நான்கு நண்பர்கள். இங்கே தங்க இரண்டு நண்பர்கள் இருந்தால் போதும் என்பது விதி என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரை அழித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் எட்டுப் பேரில் யாருக்கும் இரண்டுக்குக் கீழே போகவில்லை. குழுமம் அசையவில்லை.

அதே வட்டம், அதே கோடுகள். விதியை மட்டும் மாற்றுங்கள்: தங்க மூன்று நண்பர்கள் வேண்டும். பழையபடி அதே இருவரை அழியுங்கள். இடைவெளியின் இருபுறமும் நிற்பவர்களுக்கு இப்போது இரண்டே நண்பர்கள். அவர்கள் போகிறார்கள். அவர்கள் போனதால் அடுத்து நின்றவர்களுக்கு இரண்டு. அவர்களும் போகிறார்கள். பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனால் கடைசிப் புள்ளிவரை நிற்காது. பத்தும் காலி. விதியை நான்கு நண்பர்கள் என்று உயர்த்தினால் இரண்டு பேர்கூட வேண்டாம், ஒருவர் போனாலே போதும்.

வலைப்பின்னல்களை ஆராய்பவர்கள் வைத்திருக்கும் கருவி ஏறக்குறைய இதுதான். ஒவ்வொருவருக்கும் குறைந்தது இத்தனை நண்பர்கள் என்று ஒரு வரம்பு வைத்து, அதற்குக் கீழே உள்ளவர்களை உரித்துக்கொண்டே போனால் கடைசியில் கழலாமல் நிற்கும் பகுதிக்கு உள்வட்டம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். 1983-ல் ஸ்டீஃபன் ஸைட்மன் இந்தக் கருத்தை முன்வைத்தபோது அது வலைப்பின்னலின் இறுக்கத்தை அளக்கும் ஓர் அளவுகோல் மட்டுமே. முப்பது ஆண்டுகள் கழித்து அதே அளவுகோல் பிரேதப் பரிசோதனைக் கத்தியாயிற்று.

அந்த வரம்பை நிர்ணயிப்பது எது? ஸூரிக் ஆய்வாளர்களின் பதில் எளிமையானது. ஓர் இடத்தில் இருப்பதில் ஒரு பயன் இருக்கிறது, ஒரு சிரமம் இருக்கிறது. பயன் நண்பர்களிடமிருந்து வருகிறது. சிரமம் என்பது பக்கம் திறக்கக் காத்திருக்கும் நேரம், புரியாத புதிய தோற்றம், வேண்டாத விளம்பரம், தேவையற்ற வசவு, எதுவாகவும் இருக்கலாம். சிரமம் கூடினால் அதை ஈடுகட்ட அதிக நண்பர்கள் வேண்டும். அதாவது விதி இரண்டிலிருந்து மூன்றாகிறது. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை, ஒரு கோடுகூட அழியவில்லை. ஆனாலும் நேற்றுவரை உறுதியாக இருந்த வலை இன்று இரண்டு பேரின் விலகலைத் தாங்காது.

ஃபிரெண்ட்ஸ்டர் தொடங்கிய நாளிலிருந்தே இந்தச் சிரமத்தோடுதான் வாழ்ந்தது. கூட்டம் அலைமோதியபோது பக்கங்கள் திறக்கத் திணறின. பிற்காலத்தில் தளத்தின் தோற்றம் மாற்றப்பட்டது. அதே வேளையில் பக்கத்திலேயே ஃபேஸ்புக் வளர்ந்து நின்றது. ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி வேறு. சரிவு கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்னதாகவே, புதிதாக நுழைந்தவர்களுக்கு அங்கே கிடைத்த பயன் சிரமத்துக்கு ஈடாகாத காலகட்டங்கள் இருந்திருக்கின்றன. உள்ளே இருந்த பழைய ஆட்களுக்கு அது தெரியவில்லை. அவர்களுக்கு நண்பர்கள் நிறைய. கணக்குகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்ததால் உரிமையாளர்களுக்கும் தெரிந்திருக்காது. வாசலில் நின்றவர்களுக்கு மட்டும்தான் அது தெரிந்தது. அவர்கள் யாரிடமும் சொல்லாமல் திரும்பிவிட்டார்கள்.

தமிழ் இணையத்தின் முதல் தலைமுறைக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற யாஹூ குழுமங்களில் சென்னையும் சிங்கப்பூரும் சிகாகோவும் ஒரே இழையில் வாதாடிக்கொண்டிருந்தன. திஸ்கியா யூனிகோடா என்று குறியாக்கம் பார்த்து மாற்றினால்தான் மடலைப் படிக்கவே முடியும். அவ்வளவு சிரமத்தையும் பொறுத்துக்கொண்டு எழுதினார்கள் என்றால், மறுமுனையில் படித்துப் பதில் போட ஆள் இருந்தது என்று பொருள். பிறகு வலைப்பதிவுகள் வந்தன. 2004-ல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி அவற்றை ஒரே முற்றத்தில் கொண்டுவந்து சேர்த்தது. எழுதியவர்கள் அங்கே போனார்கள், அங்கிருந்து ஃபேஸ்புக்குக்குப் போனார்கள். யாஹூ தன் குழுமச் சேவையை 2020 டிசம்பரில் மூடியபோது அதை ஒரு மரணமாக உணர்ந்தவர்கள் சிலரே. உயிர் பிரிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நல்ல எழுத்தாளர்கள் சிலர் அந்த மடல்களில்தான் கைப்பழக்கம் பெற்றார்கள். அந்த மடல்களில் பெரும்பகுதியை இன்று தேடினால் கிடைக்காது என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

யார் முதலில் போகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. அக்கறை இல்லாதவர்கள் என்றுதான் தோன்றும். 1970-ல் பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் எழுதிய நூல் இதற்கு நேர்மாறாகச் சொன்னது. அவர் யோசிக்கத் தொடங்கிய இடம் நைஜீரியாவின் ரயில்வே. சாலையில் லாரிகள் போட்டிக்கு வந்த பிறகும் ரயில்வே திருந்தவில்லை, இன்னும் மோசமானது. காரணம், தரத்தைப் பற்றிக் கவலைப்பட்ட வாடிக்கையாளர்கள்தான் முதலில் லாரிக்கு மாறினார்கள். லாரி இல்லாதிருந்தால் அவர்கள்தான் ரயில்வே அலுவலகத்தின் வாசலில் நின்று சத்தம் போட்டிருப்பார்கள். கேட்க ஆளில்லாமல் போனதால் ரயில்வேக்குத் திருந்த வேண்டிய நெருக்கடி வரவில்லை.

குழுமங்களில் இது அப்படியே நடக்கிறது. தரமான பதில் எழுத மெனக்கெடுபவருக்குத்தான் குப்பையைக் கண்டால் மனம் வெறுக்கிறது. வேறு இடங்களில் வரவேற்பும் அவருக்குத்தான். அவர் ஓசையின்றி விலகுகிறார். பொதுவாகக் குழுமங்களில் பெரும்பான்மையினர் வாசிக்க மட்டும் வருபவர்கள். எழுதுகிறவர்கள் சிறு பகுதி, நிறைய எழுதுகிறவர்கள் அதிலும் சிறு பகுதி. ஆகவே நூறு பேரில் ஒருவர் போனார் என்று கணக்குப் புத்தகம் சொல்லும்போது, நூறு பேரும் படித்துக்கொண்டிருந்ததில் பாதி போயிருக்கக்கூடும்.

ஆனால் விலகல் மட்டும் எந்த இடத்தையும் கொல்வதில்லை. மனிதர்களுக்கு வேலை மாறுகிறது, குழந்தை பிறக்கிறது, ஆர்வம் வடிகிறது. எல்லாக் குழுமங்களும் எப்போதும் ஆட்களை இழந்துகொண்டே இருக்கின்றன. போனவர்களின் இடத்தில் புதியவர்கள் வந்து கோடுகளை மறுபடி இழுத்துக்கொள்ள வேண்டும். அது எந்த வேகத்தில் நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேகம் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

கூடியதற்கு உதாரணம் யூஸ்நெட். வடக்குக் கரோலினாவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் 1979-ல் திட்டமிட்டு, அடுத்த ஆண்டு ஓடத் தொடங்கிய உரையாடல் வலை அது. அறிவியல், நிரலாக்கம், சமையல், இசை என்று தலைப்புவாரியாகக் குழுக்கள். தமிழ்ப் பண்பாட்டுக்கென்றுகூடத் தனிக்குழு இருந்தது. ஆண்டுதோறும் செப்டம்பரில் அமெரிக்கக் கல்லூரிகளில் புது மாணவர்கள் சேருவார்கள், கணினிக் கணக்கு கிடைக்கும், யூஸ்நெட்டுக்குள் திமுதிமுவென்று நுழைவார்கள். ஏற்கெனவே பதில் சொல்லப்பட்ட கேள்வியையே திரும்பக் கேட்பார்கள், சம்பந்தமில்லாத இடத்தில் எழுதுவார்கள். பழையவர்கள் கடிந்துகொள்வார்கள், கற்றுக்கொடுப்பார்கள். ஓரிரு மாதங்களில் வந்தவர்கள் பழகிவிடுவார்கள், அல்லது போய்விடுவார்கள்.

1993 செப்டம்பரை ஒட்டிய காலத்தில் இந்தத் தாளம் தவறியது. வணிக நிறுவனங்கள் வீடுகளுக்கு இணைய இணைப்புத் தரத் தொடங்கியிருந்தன. 1994-ல் அமெரிக்கா ஆன்லைன் தன் பெரும் வாடிக்கையாளர் கூட்டத்துக்கு யூஸ்நெட்டைத் திறந்துவிட்டது. இனி எல்லா மாதமும் செப்டம்பர். அந்த 1994 ஜனவரியிலேயே ஒரு பயனர் 1993 செப்டம்பர் முடியாத செப்டம்பர் என்று எழுதிவிட்டார். அந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது. ஏப்ரலில் அரிசோனாவின் இரண்டு வழக்கறிஞர்கள் கிரீன் கார்டு குலுக்கல் பற்றிய தங்கள் விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் ஒரே நேரத்தில் கொட்டினார்கள். இதைச் சொல்லும்போது புதியவர்களின் அறியாமையைக் குற்றம் சொல்வது வழக்கம். அது நியாயமில்லை. 1985-ல் வந்தவர்களும் அதே அளவு தெரியாதவர்கள்தான். கற்றுக்கொடுக்கும் கைகளுக்கும் கற்றுக்கொள்ள வந்த தலைகளுக்கும் இடையே இருந்த விகிதம்தான் மாறியது. ஒருவர் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கலாம்; ஆயிரம் பேர் வந்தால் அவர் வாயை மூடிக்கொள்வார், அல்லது வெளியேறுவார்.

விக்கிப்பீடியா இந்தப் பாடத்தை அறிந்திருந்தது. அறிந்து செய்த தற்காப்பே அதைக் காயப்படுத்தியது என்பது இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் சோகமான அத்தியாயம். 2001 ஜனவரியில் தொடங்கிய ஆங்கில விக்கிப்பீடியா நான்கைந்து ஆண்டுகளில் வெடித்து வளர்ந்தது. மாதம் ஐந்து திருத்தங்களாவது செய்பவர்களின் எண்ணிக்கை 2007-ல் 50,000-ஐத் தாண்டி உச்சத்தைத் தொட்டது. பிறகு இறங்கத் தொடங்கி, ஆறேழு ஆண்டுகளில் 30,000 அளவுக்கு வந்தது. எழுத வேண்டிய கட்டுரைகள் எல்லாம் எழுதியாகிவிட்டன, அதனால்தான் என்று பலர் சொன்னார்கள்.

ஆரோன் ஹாஃபேக்கரும் மூன்று சக ஆய்வாளர்களும் 2013-ல் வேறொரு விடையோடு வந்தார்கள். புதியவர்கள் செய்த முதல் திருத்தங்களை எடுத்து, அவை விஷமமா நல்லெண்ணத்தோடு செய்தவையா என்று ஆண்டுவாரியாகத் தரம் பிரித்தார்கள். நல்லெண்ணத்தோடு வருகிறவர்களின் பங்கு பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அவர்கள் செய்த திருத்தங்கள் நீக்கப்படும் விகிதம் ஏறிக்கொண்டே போயிருந்தது. திருத்தம் நீக்கப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை.

நீக்கியவர்கள் கெட்டவர்களா? இல்லவே இல்லை. புகழ் பரவியதும் விஷமிகளின் வெள்ளம் வந்தது. அதைத் தடுக்கத் தன்னார்வலர்கள் இரவும் பகலும் உழைத்தார்கள். உழைப்பைக் குறைக்க மென்பொருள் எழுதினார்கள். ஹக்கிள் என்ற கருவியில் திருத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வரும். பார்த்து, ஒரு பொத்தானை அழுத்தினால் திருத்தம் நீங்கும், செய்தவருக்கு ஆயத்த எச்சரிக்கைக் கடிதமும் தானாகப் போய்விடும். க்ளூபாட் போன்ற தானியங்கிகளுக்கு அந்த ஒரு மனிதக் கண்கூடத் தேவையில்லை. வெள்ளம் கட்டுக்குள் வந்தது. ஆனால் தன் ஊரைப் பற்றிய கட்டுரையில் சான்று சேர்க்கத் தெரியாமல் ஒரு வரி சேர்த்த பள்ளி ஆசிரியருக்கும், வசவு எழுதிய விஷமிக்கும் கிடைத்தது ஒரே வகைக் கடிதம். 2003-ல் அதே தவற்றைச் செய்தவருக்கு யாராவது ஒரு மனிதர் பதில் எழுதியிருப்பார். அந்தப் பதில்தான் அவருடைய முதல் கோடு.

விதிகளிலும் இதே கதை நடந்திருந்தது. தொடக்க ஆண்டுகளில் யார் வேண்டுமானாலும் விதி முன்மொழியலாம், மாற்றலாம். பேசிப் பேசி உருவானவை அவை. 2006-க்குப் பிறகு புதிய விதி உருவாவது அரிதானது; பழைய விதியில் புதியவர் கை வைத்தால் அந்த மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. விதிகள் தவறானவை என்று நான் சொல்ல மாட்டேன், பெரும்பாலானவை அருமையானவை. ஆனால் விதியை உருவாக்கியவருக்கு அது சொந்த நினைவு. பின்னால் வந்தவருக்கு அது சுவர். அந்தச் சுவரைக் கட்டியவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறும்போது, அது எதற்காக அங்கே நிற்கிறது என்று சொல்ல ஆளிருக்காது.

பழையவர்களின் பக்கமும் ஒன்று நடக்கிறது. பீர் சுவைத்துக் குறிப்பு எழுதும் இரண்டு அமெரிக்கத் தளங்களின் பல ஆண்டுப் பதிவுகளை கிறிஸ்டியன் தனெஸ்கு-நிகுலெஸ்கு-மிஸில் தலைமையிலான குழு 2013-ல் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தது. ஒரு குழுமத்துக்கென்று ஒரு பேச்சு வழக்கு இருக்கும். அது மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். நறுமணத்துக்கு ஒரு காலத்தில் ஒரு சொல், சில ஆண்டுகள் கழித்து வேறொரு சொல். புதிதாக வந்தவர் அந்த வழக்கை ஆர்வத்தோடு பற்றிக்கொள்கிறார், புதுச் சொற்களைப் பரப்புவதில்கூட முன்னால் நிற்கிறார். பிறகு ஒரு கட்டத்தில் அவருடைய மொழி உறைந்துவிடுகிறது. குழுமத்தின் மொழி அவரைத் தாண்டி நகர்கிறது. நீண்ட காலம் தங்குகிறவருக்கும் சீக்கிரம் போகிறவருக்கும் இந்த இரண்டு பருவங்களும் உண்டு, அவற்றின் நீளம்தான் வேறு. ஒருவரின் தொடக்க காலக் குறிப்புகளில் தெரியும் மொழி மாற்றத்தை வைத்தே அவர் எவ்வளவு காலம் இருப்பார் என்று ஓரளவு கணிக்கவும் அவர்களால் முடிந்தது. இந்த இடம் பழைய மாதிரி இல்லை என்று ஒரு மூத்தவர் பெருமூச்சு விடும்போது, அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. இடம் நகர்ந்துவிட்டது, அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒவ்வொருவராகக் கழன்றுபோவது. இரண்டாகப் பிளப்பது வேறு வகை. அதற்கு இணையத்துக்கு வெளியே ஒரு புகழ்பெற்ற வழக்கு இருக்கிறது. 1970 முதல் 1972 வரை வெய்ன் ஸக்காரி என்ற மானிடவியல் ஆய்வாளர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கராத்தே சங்கத்தைக் கவனித்துவந்தார். பயிற்சிக் கட்டணத்தை உயர்த்துவது பற்றி ஆசிரியருக்கும் சங்கத் தலைவருக்கும் பூசல். கடைசியில் ஆசிரியர் தனிச் சங்கம் தொடங்க, உறுப்பினர்கள் பிரிந்தார்கள். ஸக்காரி தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 34 பேருக்குள் பயிற்சிக்கு வெளியேயும் பழகியவர்கள் யார் யார் என்று குறித்துவைத்திருந்தார். 78 நட்புக் கோடுகள். ரயில் பாதை வலையில் எந்தத் தடங்களை வெட்டினால் இரு முனைகளுக்கிடையே போக்குவரத்து முற்றிலும் நின்றுபோகும் என்று கண்டுபிடிக்க 1950-களில் உருவான ஒரு கணித முறை உண்டு. அதை ஆசிரியரை ஒரு முனையாகவும் தலைவரை மறுமுனையாகவும் வைத்து இந்த 78 கோடுகளில் போட்டுப் பார்த்தார். எங்கே பிளக்கும் என்று கணக்குச் சொன்னதோ அங்கேதான் பிளந்திருந்தது. ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் கணக்குச் சொன்ன பக்கமே போயிருந்தார்கள்.

அந்த ஒருவர் பட்டியலில் ஒன்பதாம் எண். அவருடைய நட்பு தலைவர் பக்கம். போனது ஆசிரியர் பக்கம். கருப்புப் பட்டைத் தேர்வுக்கு அவருக்கு மூன்றே வாரங்கள் இருந்தன. ஆசிரியரை விட்டுவிட்டால் இத்தனை நாள் பயிற்சி வீண். 1977-ல் வெளியான அந்தக் கட்டுரை வலைப்பின்னல் அறிவியலின் பாலபாடமாகிவிட்டது. அதில் எனக்குப் பிடித்தது கணக்குக்குப் பிடிபடாத அந்த ஒன்பதாம் ஆள்தான். மற்றவர்களுக்குப் பிளவு என்பது கட்டணச் சண்டையில் யார் நியாயம் என்று முடிவெடுத்த நாளில் நடக்கவில்லை. நட்புக் கோடுகள் ஏற்கெனவே இரண்டு கொத்துகளாக அடர்ந்திருந்தன, நடுவில் மெலிந்திருந்தன. சண்டை அந்த மெலிந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது.

மறுபடி அந்தப் பத்துப் புள்ளி வட்டத்துக்கு வருவோம். மூன்று நண்பர்கள் வேண்டும் என்ற கடுமையான விதி, அடுத்தடுத்து இருவர் போய்விட்டார்கள், சரிவு தொடங்கப்போகிறது. இப்போது இடைவெளியின் இருபுறமும் நிற்கும் இரண்டு பேரை மட்டும் எப்படியாவது தங்க வைத்துவிடுங்கள். அவர்களுக்கு இரண்டே நண்பர்கள்தான், இருந்தாலும் போகமாட்டார்கள் என்று வையுங்கள். அவர்களுக்கு அடுத்தவர்களுக்கு மூன்று நண்பர்கள் கிடைத்துவிடுகிறார்கள். அதற்கும் அடுத்தவர்களுக்கு நான்கு. எட்டுப் பேரும் நிற்கிறார்கள். ஒருவரை மட்டும் தங்க வைத்தால் போதுமா என்று பார்த்தால், போதாது. மறுபக்கத்திலிருந்து சரிவு சுற்றிக்கொண்டு வந்து அவரைத் தவிர மற்ற எல்லோரையும் கொண்டுபோய்விடும்.

நங்கூரம் போட்டதுபோல நிற்கும் இத்தகையவர்களைப் பற்றி ஜான் கிளைன்பெர்க், டிம் ரஃப்கார்டன் முதலிய கணினி அறிவியலாளர்கள் 2012-ல் ஒரு கேள்வி எழுப்பினார்கள். பெரிய வலைப்பின்னல் ஒன்று, தங்க வைக்க முடிந்தவர்கள் சிலர் மட்டுமே. யார் யாரைத் தேர்ந்தால் மிக அதிகமானவர்கள் மிஞ்சுவார்கள்? தங்க இரண்டு நண்பர்கள் போதும் என்ற விதி இருந்தால் விடையைக் கணினி விரைவாகக் கண்டுபிடித்துவிடும். மூன்று அல்லது அதற்கு மேல் என்றால், பொதுவான வலைப்பின்னல்களில் சிறந்த விடையை விடுங்கள், அதை ஒட்டிய விடையைக்கூட விரைவாகக் கண்டுபிடிக்கும் வழி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதை அவர்கள் நிறுவினார்கள். நிறைய நண்பர்கள் உள்ள பிரபலத்தைத் தேர்ந்தெடுப்பதும் உதவாது. அவர் அனேகமாக எப்படியும் போகமாட்டார். வட்டத்தில் சரிவை நிறுத்தியவர்கள் இடைவெளியின் ஓரத்தில் இரண்டே கோடுகளோடு நின்றவர்கள்.

விக்கிப்பீடியர்கள் எந்தக் கணக்கும் போடாமல் அந்த ஓரத்துக்குப் போனார்கள். 2012-ல் ஆங்கில விக்கிப்பீடியாவுக்குள் தேநீர்க் கடை என்ற பெயரில் ஒரு பக்கத்தைத் திறந்தார்கள். புதிதாகக் கணக்குத் தொடங்கிச் சில திருத்தங்கள் செய்தவர்களுக்கு அங்கே வரச்சொல்லி அழைப்புப் போகும். உள்ளே விருந்தோம்புநர்கள் என்று பெயர் போட்டுக்கொண்ட அனுபவசாலிகள் இருப்பார்கள். எவ்வளவு சின்னக் கேள்வியானாலும் விதி எண்ணைச் சுட்டிவிட்டு நகராமல் தங்கள் சொற்களில் பதில் எழுதுவார்கள். அழைப்புப் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2018-ல் வந்தது. அழைக்கப்பட்டவர்களில் பலர் அந்தப் பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இருந்தும், வாரங்கள் கழித்தும் விக்கிப்பீடியாவில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் அழைப்புப் பெற்ற கூட்டத்தில்தான் கூடுதலாக இருந்தார்கள்.